வாய்க்கால் தாண்ட ஒரு ஜீப்

என் தம்பி அந்த ஜீப்பை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அன்று, தெருவே கேட்கும்படி அவனைத் திட்டினேன். திட்டாமல் என்ன செய்வது? வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அம்மாவின் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, இவன் எப்போதோ ஏலத்தில் போன பழைய ராணுவ ஜீப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். அதுவும் பெட்ரோல் வண்டி.

"ஏன்டா, ஊரு ஒலகமெல்லாம் பெட்ரோல் எஞ்சினக் கழட்டிக் கடாசிட்டு டீசல் மாட்டிருச்சு. ஒனக்கு மட்டும் எங்கிருந்துடா கெடைச்சுச்சு இந்தக் கெழட்டுக் கழுத?"

"டீசல் எஞ்சின் கனம்க்கா. சேத்துல மூக்கு பொதைஞ்சிரும்" என்றான். பிறகு சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இதுல நாலு சக்கரமும் இழுக்கும்" என்றான்.

நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். எந்தச் சேறு என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஜீப்பை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா நீளமாத்தான் இருக்கு. கால நீட்டிப் படுக்கலாம்" என்றாள்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்குப் பக்கம். நெல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நட்டுக் களையெடுத்தவர்கள்தான். அப்பா காலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் வந்தது. நான் படித்து மதுரையில் நர்ஸ் ஆனேன். தம்பி சோழவந்தானில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தான். உயிரோடு இருக்கிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. செத்தால்தான் தெரியும் நாங்கள் யார் என்று. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு ரோடு கிடையாது. மாட்டு வண்டி போகிற அகலத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு மண்தடம். பாதி வழியில் பாசன வாய்க்கால் குறுக்கே ஓடும். அதற்குப் பாலமும் கிடையாது. கோடையில் போனவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் முழங்கால் சேறு, வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. ஊர்த்தெருவில் டிராக்டர்கள் உண்டு, ஆனால் எங்கள் பிணத்தை ஏற்ற வராது. கேட்டுப் பார்த்து அவமானப்பட்டதும் உண்டு.

அப்பா போனது அப்படி ஒரு ஐப்பசியில். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே போய், அங்கேயே திரும்பி வந்து குளித்துவிட வேண்டும். நானும் அம்மாவும் அப்படித்தான் திரும்பினோம். வாய்க்கால் கரையில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சரிந்து, அப்பா குப்புற விழுந்தாராம். சேற்றிலிருந்து தூக்கி, வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவிக் கொண்டுபோனார்களாம். தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருமாதி அன்று குடித்துவிட்டு வந்த ஒரு சொந்தக்காரர்தான் உளறினார். அம்மா அழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை அப்படியே மடக்கினாள்.

"குளிப்பாட்டி, கோடி போட்டு, நெத்தியில திருநீறு பூசி மகராசனா அனுப்புனேனேடா. சேத்துலயா போட்டீக?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அம்மா அதையே சொல்வாள். சில நாள் கேலியாகச் சொல்வாள், சில நாள் நிஜமாகவே பயந்து சொல்வாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. ஒங்கப்பனக் கவுத்த மாதிரி என்னையச் சேத்துல கவுத்துராதீக." நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அவனால் முடியவில்லை. அதற்காகத்தான் ஜீப்.

ஆனால் வண்டிக்குத் தெம்பு இல்லை. அந்த மாதிரி ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன லிவர் இருக்கும். அதை லோவில் போட்டால் வண்டி நத்தை மாதிரி மெதுவாகப் போகும், ஆனால் மலையையே இழுக்கும். எங்கள் ஜீப்பில் அந்த லிவரைப் போட்டால் அடுத்த நொடி துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்ளே பல்சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. அதற்கு உதிரிபாகம் தேடித் தம்பி அலையாத பழைய இரும்புக் கடை இல்லை. கிடைக்கவில்லை. சாதாரண கியரில் சேற்றில் இறக்கினால் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். முதல் மழைக்கு வாய்க்காலில் இறக்கியவனுக்கு, அதை வெளியே இழுக்கத் தெருவிலுள்ள ஆம்பளைகளை எல்லாம் கூட்ட வேண்டி வந்தது. அம்மா கரையில் நின்று, "இதுக்கு நான் நடந்தே போயிருவேன்டா" என்று சொன்னதில் கூட்டமே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான், லோ கியர் இல்லையென்றால் எஞ்சினில் பவரைக் கூட்டியாக வேண்டும் என்று முடிவு பண்ணினான்.

நான் குடியிருந்தது மதுரை கோரிப்பாளையத்தில். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பாய் மெக்கானிக் கடை வைத்திருந்தார். பெட்ரோல் எஞ்சின் என்றால் அவருக்கு உயிர். அதைவிட வேகம் என்றால் உயிர். நான்தான் தம்பியை அவரிடம் கூட்டிப்போனேன்.

"எதுக்குத் தம்பி இம்புட்டு பவர் கேக்குறீங்க? ரேஸுக்கா?" என்று கேட்டார்.

"சேத்துல ஏறணும் பாய். நடுவுல ஒரு வாய்க்காலும் இருக்கு."

"லோடு உண்டா?"

"இருக்கும்."

"என்ன லோடு?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். எந்த வாயால் சொல்வது? அம்மா அந்த நேரம் ஊரில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவளின் பிணத்தை ஏற்றத்தான் என்று பெற்ற பிள்ளைகள் சொல்ல முடியுமா? சொன்னாலே நடந்துவிடும் என்று பயந்தேன்.

"வாழைத்தார்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"வாழைத்தாரா? அப்பக் கவலையே இல்ல தங்கச்சி. அடிச்சு ஏத்திரலாம்." பிறகு தம்பி பக்கம் திரும்பி, "ஒண்ணு மட்டும் சொல்லிருங்க தம்பி. மெதுவா இழுக்கணுமா, வேகமாப் போனாப் போதுமா? இந்த எஞ்சின்ல ரெண்டும் சேந்து கெடைக்காது" என்றார்.

"நிக்காமப் போகணும் பாய். அம்புட்டுதான்."

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கடைதான் எங்களுக்குக் கோயில். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக வேறொன்றை மாட்டினார் பாய். எஞ்சினின் தலைப்பாகத்தை லேத்தில் கொடுத்து மெலிதாகச் சீவி வாங்கினார். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடுமாம், அழுத்தம் கூடினால் பவர் கூடுமாம். சைலன்சர் குழாயை அகலமாக்கினார். பிளக்கில் பொறி விழுகிற நேரத்தை முன்னே தள்ளி வைத்தார். ஒவ்வொன்றும் செய்தபின் ஒரு சீக்கு வரும். ஒரு வாரம் எஞ்சின் டொக்கு டொக்கு என்று தட்டும். அடுத்த வாரம் ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோலைப் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். தம்பிக்கு அலுக்கவே இல்லை. கை முழுக்கக் கிரீஸோடு என் வீட்டுக்கு வந்து, என் நல்ல துண்டில் துடைத்துவிட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சோறு தின்றுவிட்டுப் போவான்.

"நாலு பொண்ணு பாத்து ஒண்ணும் அமையலன்னு இதைக் கட்டிக்கிட்டியாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது ஒன்னைய மாதிரி வையாதுல்ல" என்றான்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். கற்றுக்கொடுத்தான் என்றா சொல்வது? வைகை மணலில் வண்டியை இறக்கி, நான் ஓட்ட ஓட்ட, அவன் கூடவே ஓடிவந்து சக்கரம் எங்கே சுற்றுகிறது, எங்கே பிடிக்கிறது என்று குனிந்து பார்ப்பான். "மிதிக்கா! கால எடுக்காத! எடுத்தாச் செத்துரும்!" என்று கத்துவான். அந்த எஞ்சினின் குணம் அப்படி ஆகிவிட்டிருந்தது. மேலே போகப் போகத்தான் அதற்கு வெறி. ஆக்சிலேட்டரை அழுத்தி வைத்திருந்தால் உறுமிக்கொண்டு எதையும் ஏறும். கொஞ்சம் காலைத் தளர்த்தினால் குலுங்கித் திக்கி நின்றுவிடும். ஸ்டார்ட் பண்ணுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அது அவனுக்கும் எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் பிடிபட்டது.

அடுத்த மழைக்குத் தம்பி யூரியா சாக்குகளில் மணலை நிரப்பிப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினான். ஒரே மூச்சில் அக்கரை ஏறிவிட்டது. தெருவே கைதட்டியது. அவன் இக்கரைக்குத் திரும்பி வந்ததும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப் பக்கத்தில் வந்தாள்.

"மூட்டை பேசுமாடா? குலுங்குதா, குலுங்கலையான்னு நான்தான சொல்லணும். எறக்குடா அத. நான் ஏறுறேன்."

தெருப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அடியாத்தி! உசுரோட சுடுகாட்டுக்குப் போறவ எவளாச்சும் உண்டா?"

"செத்தப்புறம் போனா எடத்தப் பாக்கவா முடியும்?" என்றாள் அம்மா. தூக்கிவிடச் சொல்லிப் பின்னால் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டாள். அவள் தனியாகப் போகக் கூடாது என்று நானும் ஏறிக்கொண்டேன். தம்பி முகம் வெளுத்துப்போனது. ஆனால் ஓட்டினான்.

சுடுகாட்டில் ஒன்றுமே இல்லை. இரண்டு கருவேல மரம், ஒரு சிமெண்டுத் திட்டு, எரிந்த இடத்தில் கறுப்பு மண். அம்மா இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் இருக்கிறாள், மாமியார், மாமனார், புருஷன் எல்லோரையும் அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறாள், அந்த இடத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"இங்கனயாடா ஒங்கப்பாவ வச்சீக?"

"ஆமாம்மா. அந்தத் திட்டுமேல."

அம்மா போய்த் திட்டைக் கையால் தடவினாள். "பாவி மனுசன்" என்றாள். மூக்கைச் சிந்தினாள். திரும்பி வரும்போது பழைய அம்மாவாகி, "வண்டி நல்லாத்தாண்டா வருது. ஆனா வேகம் சாஸ்தி. பொணம் என்ன பஸ்ஸையா புடிக்கப் போகுது? பைய்ய வரப்படாதா?" என்றாள்.

"பைய்யப் போனா நின்னுரும்மா" என்றான் தம்பி.

"அப்பச் சரி. எனக்கென்ன, படுத்துக்கிட்டுத்தான வரப் போறேன்" என்றாள்.

அதற்குப் பிறகும் அம்மா சில மழைகளைப் பார்த்தாள். அந்த மழைகளில் தெருவில் வேறு சிலர் போனார்கள். தம்பி ஒவ்வொரு வீட்டிலும் போய், ஜீப்பில் ஏற்றலாம் என்று சொல்லிப் பார்த்தான். யாரும் சம்மதிக்கவில்லை. தோள் கொடுக்க ஆள் இல்லாத வீடா எங்கள் வீடு என்று கோபித்துக்கொண்டார்கள். தோளில் போவதுதான் மரியாதை. அதனால் அந்த ஜீப் ஒரு தடவைகூடப் பிணம் ஏற்றிப் போனதில்லை. ஏற்றியிருந்தால் எங்கள் தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

அம்மா கார்த்திகையில்தான் போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடைமழை. நான் லீவு போட்டுப் போய்க் கூடவே இருந்தேன். எத்தனையோ பேருடைய கண்ணை இந்தக் கையால் மூடியிருக்கிறேன். அம்மா கண்ணையும் நான்தான் மூடினேன். ஐயோ, அம்மா இல்லாத வீட்டில் அந்த வெற்றிலைப் பெட்டி திறந்தபடி கிடந்ததைப் பார்க்க முடியாமல் அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன்.

மழை கொஞ்சம் விட்டதும் எடுக்கலாம் என்றார்கள். தம்பி விடியும்போதே, பாடை ஏற வசதியாக, ஜீப்பின் மேல் துணியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைக் கழுவிப் பலகை கட்டி வைத்திருந்தான். சித்தப்பா ஒருவர் வந்து, "ஏண்டா, தோளுக்கா ஆளு பஞ்சம்?" என்று ஆரம்பித்தார்.

"தோள்ல இருந்துதான் எங்கப்பா விழுந்தாரு" என்றான் தம்பி.

அம்மாவைக் குளிப்பாட்டினோம். பிறந்த வீட்டுக் கோடி வந்தது, அரக்கு நிறத்தில் நல்ல சேலை. அதைப் போர்த்தி, மாலை போட்டு, பாடையை ஜீப்பில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். எல்லாம் தயார். அந்த நேரம் பூசாரி கொள்ளிச் சட்டியைக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்தார்.

ஒரு கையில் ஜீப் சாவி, இன்னொரு கையில் தீச்சட்டி. அப்படியே நின்றான் என் தம்பி. அவன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே மகன். கொள்ளிச் சட்டி பிடித்துப் பிணத்துக்கு முன்னால் அவன்தான் நடக்க வேண்டும். அப்பாவுக்குப் பிடித்து நடந்தவனும் அவனேதான். இத்தனை வருஷம் கார்புரேட்டரையும் பிளக்கையும் மாற்றி மாற்றி மாட்டினோமே, மணல் மூட்டையை ஏற்றினோமே, அம்மாவையே ஏற்றி ஒத்திகை பார்த்தோமே, அன்றைக்கு யார் ஓட்டுவது, யார் நடப்பது என்று ஒருநாளாவது யோசித்தோமா? யோசித்திருந்தால் அம்மா செத்துக் கிடப்பதை நினைக்க வேண்டியிருக்கும். அதை நினைக்காமல் இருக்கத்தான் இருவரும் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் போல.

"கொள்ளிய வேற பங்காளி யாராச்சும் புடிக்கட்டும். நீ ஓட்டு" என்றார் சித்தப்பா.

"எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வைக்காம வேற எவன் வைப்பான்?" தம்பி கத்திய கத்தலில் கொட்டுச் சத்தமே நின்றுவிட்டது.

பங்காளி அண்ணன் ஒருவர் லாரி ஓட்டுகிறவர். அவர் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். இரண்டடி குலுங்கி நின்றது. மறுபடி முயன்றார். பாடை ஆடியது. அம்மாவின் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"எறங்குங்கண்ணே. நான் ஓட்டுறேன்" என்றேன்.

"பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதா?" என்று சித்தப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"அப்ப நீங்க ஓட்டுங்க சித்தப்பா. ஓட்டத் தெரியுமா? தெரியாதுல்ல. நகருங்க."

எனக்கு எப்போதும் வாய் அதிகம் என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த வாய் உதவியது. அவர் நகர்ந்துகொண்டார்.

கொட்டு முன்னால் போனது. அடுத்து ஈர வேட்டியோடு தம்பி, கையில் புகைகிற சட்டி. அவனுக்குப் பின்னால் நானும் அம்மாவும். தெருவுக்குள் கிளட்சை மிதித்து மிதித்து எப்படியோ உருட்டிக்கொண்டு வந்தேன். கிளட்ச் கருகுகிற வாடை மூக்கில் ஏறியது. தெருமுனையில் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் அவர்களைத் தாண்டிப் போனேன். "ஏத்தா, பாத்துக் கூட்டிட்டுப் போத்தா" என்று அத்தை ஒருத்தி பின்னாலிருந்து அழுதது கேட்டது.

மண்தடம் தொடங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது. தடம் எங்கே இருக்கிறது? வயலும் தடமும் ஒரே சேறு. கொட்டுக்காரர்கள் வரப்பில் ஏறிக்கொண்டார்கள். தம்பி சேற்றிலேயே காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தான். அவன் நடைக்கு வண்டியை ஓட்டினால் எஞ்சின் திக்குகிறது. அழுத்தினால் வண்டி அவன் முதுகில் இடிக்கப் போகிறது. பாயிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மெதுவாக இழுக்கிற மாதிரி எதையாவது செய்து கொடுத்திருப்பார் அந்த மனுஷன். வாழைத்தார் என்று சொன்னோமே! வாழைத்தாருக்கு முன்னால் எவன் தீச்சட்டி பிடித்து நடப்பான்?

தம்பி திரும்பிப் பார்த்தான். எஞ்சின் சத்தத்திலேயே அவனுக்கும் தெரிந்துவிட்டது. நடையை எட்டிப் போட்டான். பிறகு ஓட ஆரம்பித்தான். ஈர வேட்டி காலைச் சுற்ற, ஒரு கையால் வேட்டியையும் இன்னொரு கையால் சட்டியையும் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயின் பிணத்துக்கு முன்னால் என் தம்பி ஓடினான். என் கை தானாக ஹாரனில் போனது. சத்தியமாக அடிக்கவில்லை. ஆனால் போனது.

வாய்க்கால் வந்தது. இறக்கத்துக்கு முன்னால் அவன் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கையை வீசினான்.

"போக்கா! நிக்காத! நின்னாப் பொதைஞ்சிரும்! கால எடுக்காத!"

"நீ முன்னாலப் போகணுமேடா!"

"நான் எப்படியும் வந்துருவேன்! அம்மாவக் கொண்டுபோயிரு!"

மிதித்தேன். வண்டி வாய்க்காலுக்குள் பாய்ந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழுந்தது. அக்கரை ஏற்றத்தில் நாலு சக்கரமும் சுற்றிச் சுற்றி, வழுக்கி, பிடித்து, மறுபடி வழுக்கி, எஞ்சின் போட்ட கூச்சலில் காது அடைத்தது. நான் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே மிதித்தேன். ஒரு உலுக்கலில் மேலே ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் காலை எடுக்கப் பயம். சிமெண்டுத் திட்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் நிறுத்தினேன்.

எஞ்சினை அணைத்ததும் தூறல் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்கள் எல்லோரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சுடுகாட்டில் நானும் அம்மாவும் மட்டும். கயிறு அவிழவில்லை, பாடை அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எழுந்து திரும்பிப் பார்த்தேன்.

அம்மாவின் முகம் தெரியவில்லை. சக்கரங்கள் வாரி எறிந்த சேறு, மேலே துணி இல்லாத வண்டிக்குள் முழுக்க விழுந்திருந்தது. நெற்றியில் வைத்த காசின் மேல் சேறு, மூடிய கண்ணில் சேறு, மாலையில், கோடிச் சேலையில், கட்டை விரல் சேர்த்துக் கட்டிய காலில், எல்லா இடமும் சேறு. பாய் ஏற்றிவிட்ட பவர் முழுவதும் அந்தச் சேற்றில்தான் இருந்தது.

பின்னால் தாவி ஏறினேன். முந்தானையை மழையில் நனைத்து நனைத்து முகத்தைத் துடைத்தேன். கண் இமை, மூக்கு மடல், காதுக்குப் பின்னால், கழுத்துச் சுருக்கம். நர்ஸ் வேலையில் கற்ற வரிசை கைக்குத் தானாக வந்தது. ஜீப்பின் தரையில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கையால் மொண்டு காலைக் கழுவினேன். மாலையின் மேல் பூக்களைப் பிய்த்தெறிந்துவிட்டு அடிப்பூ தெரியத் திருப்பிப் போட்டேன். சேலையைச் சேறு படாத மடிப்பு மேலே வருமாறு மாற்றிப் போர்த்தினேன். "பொறுத்துக்கம்மா, அவன் வாரதுக்குள்ள முடிச்சிருவேன், பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கண்ணீரும் மழையும் அவள் முகத்தில் விழுந்ததையும் சேர்த்துத் துடைத்தேன். காசைத் தேய்த்து நெற்றியில் திரும்ப வைத்தபோது முதல் ஆள் தலை வாய்க்கால் கரையில் தெரிந்தது.

சித்தப்பா வந்தார், பங்காளிகள் வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாகத் தம்பி வந்தான். உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் சேறு, பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கையில் சட்டியின் உடைந்த கழுத்து மட்டும் இருந்தது. தீயைப் பிறகு யாரோ தீப்பெட்டி உரசி மூட்டிக்கொடுத்தார்கள், அது பெரிய விஷயமில்லை. அவன் என்னிடம் நேராக வந்தான்.

"அக்கா, அம்மா மேல சேறு பட்டுச்சா?"

முந்தானையைச் சுருட்டி இடுப்பில் ஆழமாகச் செருகியிருந்தேன்.

"ஒரு சொட்டுக்கூடப் படலடா" என்றேன்.

அவன் ஜீப்பின் விளிம்பைப் பிடித்து எட்டி அம்மா முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நான்தான்க்கா விழுந்துட்டேன்" என்றான். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், ஜீப்பின் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினான்.